தவளை வராத தீவுக்கு டோடோ வந்த வழி

மொரீசியஸ் ரூபாய்த் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நீர்க்குறியாக டோடோவின் தலை தெரியும். அதே தாளில் தொகை தமிழிலும் அச்சாகியிருக்கும். இந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் டோடோ வாழ்ந்ததில்லை. 1598இல் டச்சுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். டோடோவை உயிரோடு கண்டதாகப் பலரும் ஒப்புக்கொள்ளும் கடைசிப் பார்வை 1662இல் பதிவானது, பிறகு அந்த இனம் அழிந்தது. பத்துக் கிலோவுக்கு மேல் எடை, பறக்க உதவாத சிறகு, நான்கு பக்கமும் கடல். மடகாஸ்கரே 800 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அப்படியானால் இந்தப் பறவை இங்கே எப்படி வந்தது?

மொரீசியஸ் தமிழ்க் குடும்பங்களில் இதற்கு மூன்று பதில்கள் கேட்கும். இறைவன் ஒவ்வொரு வகையையும் தனித்தனியே படைத்தார், வெள்ளத்துக்குப் பின் அவை உலகெங்கும் பரவின என்பது ஒன்று. கேம்பிரிட்ஜ் உயிரியல் பாடம் படிக்கும் பிள்ளை, புறா இனம் ஒன்று வந்து மாறியது என்று சொல்லும். கோயில் மண்டபத்துப் பேச்சாளரோ இதையெல்லாம் மாணிக்கவாசகர் அன்றே பாடிவிட்டார் என்பார். ஒரே வீட்டில் மூன்றும் ஒலிப்பதும் உண்டு. கத்தோலிக்கத் தமிழர், சைவத் தமிழர், புதிய சபைகளில் சேர்ந்தவர்கள் எல்லாரும் உறவுக்காரர்களாக வாழும் ஊர் இது.

தொடங்குமுன் ஓர் எல்லையைக் கோடு போட்டுக்கொள்வது நல்லது. முதல் உயிரணு எப்படித் தோன்றியது என்பது வேதியியலின் கேள்வி, அது இன்னும் திறந்தே கிடக்கிறது. இருக்கும் உயிர்கள் எப்படிக் கிளைத்துப் பெருகின என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்புவதால்தான் பாதி வாதம் வீணாகிறது. இந்த ஆய்வு இரண்டாம் கேள்வியைப் பற்றியது.

வந்தவை, வராதவை

டார்வின் 1836 ஏப்ரல் 29 அன்று போர்ட் லூயியில் இறங்கி மே 9 அன்று புறப்பட்டார். ல பூஸ் மலையில் ஏறினார். தீவில் அப்போது இருந்த ஒரே யானையின் மேல் சவாரி செய்தார். சாலை வேலையில் இருந்த இந்தியக் கைதிகளைப் பற்றி மரியாதையோடு எழுதினார். பின்னாளில் தன் கொள்கையை நிறுவும்போது மொரீசியஸை இரண்டு இடங்களில் சாட்சிக்கு அழைத்தார். ஒன்று வௌவால், மற்றொன்று தவளை.

மனிதர் கால் வைப்பதற்கு முன் இந்தத் தீவில் இருந்த பாலூட்டிகள் வௌவால்கள் மட்டுமே. தவளை ஒன்றுகூட இல்லை. ஆனால் கொண்டுவந்து விட்ட தவளைகள் தொல்லை என்னும் அளவுக்குப் பெருகின. தவளைக்கு ஏற்ற இடமாக இந்தத் தீவு இல்லாமலில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. அந்தந்த நிலத்துக்கு ஏற்றவற்றை அங்கேயே படைத்தார் என்றால், இவ்வளவு பொருத்தமான இடத்தில் தவளையை ஏன் விட்டுவிட வேண்டும்? பறக்கும் வௌவாலுக்கு மட்டும் ஏன் இடம்? டார்வின் கேட்டது இதைத்தான்.

காரணம் உப்பு நீர். தவளையின் தோல் நீரை ஊடுருவ விடும், அதன் முட்டைக்கு ஓடு கிடையாது. இரண்டும் கடலில் தாங்காது. ஆமை தாங்கும். 2004 டிசம்பரில் தான்சானியக் கடற்கரையில் அல்டாப்ரா இராட்சத ஆமை ஒன்று தானாகவே கரையேறியது. அதன் காலிலும் ஓட்டிலும் பார்னக்கிள் என்னும் கடல் ஒட்டுயிர்கள் வளர்ந்திருந்தன. வாரக்கணக்கில் அது கடலில் மிதந்திருக்கிறது. பல்லியும் அரணையும் மரத்துண்டில் தொற்றிக்கொண்டு வரலாம், அவற்றின் முட்டைக்கு ஓடு உண்டு. பறவையும் வௌவாலும் காற்றோடு வரும்.

பள்ளியிலோ கோயில் வகுப்பிலோ பிள்ளைகளை வைத்தே இதைச் செய்து பார்க்கலாம். பதினாறு அட்டைகள் போதும்: டோடோ, கிளி, வல்லூறு, பழந்தின்னி வௌவால், இராட்சத ஆமை, அரணை, பகல் பல்லி, வட்டத்தீவுப் பாம்பு, தேரை, தவளை, குரங்கு, மான், கீரி, தென்ரெக் (முள்ளெலி போன்ற சிறு பாலூட்டி), முயல், எலி. ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி: பறக்குமா? வாரக்கணக்கில் கடலைத் தாங்குமா? மனிதர் கொண்டுவந்ததற்குப் பதிவு உண்டா? பிழை எப்போதும் மூன்றாம் கேள்வியில்தான் வரும். கங்கா தலாவ் ஏரிக் கரையில் பழத்தைப் பறித்து ஓடும் குரங்கையும், மழை இரவில் கரும்புத் தோட்டத்தில் கத்தும் தேரையையும் பிறந்தது முதல் பார்க்கும் பிள்ளை, அவை இந்த மண்ணுக்கே உரியவை என்றுதான் எழுதும். மானை 1639இல் டச்சு ஆளுநர் கொண்டுவந்தார், கீரி 1900இல் வந்தது, தேரை 1922இல் கரும்பு வண்டைத் தின்னக் கொண்டுவரப்பட்டது. இந்த ஆண்டுகளை அட்டையின் பின்புறம் எழுதி வைக்காமல் தொடங்கினால் முடிவே தலைகீழாகிவிடும். சரியாகப் பிரித்தால் மனிதர் கொண்டுவராத ஒவ்வொரு விலங்கும் பறப்பதாகவோ, கடலைத் தாங்குவதாகவோ, அப்படிப்பட்ட ஒன்றின் வழிவந்ததாகவோ இருக்கும்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த வாதம் வீழ்த்துவது பழைய படைப்புக் கொள்கையை, அதாவது ஒவ்வோர் உயிரையும் அது வாழும் இடத்திலேயே படைத்தார் என்பதை. இன்றைய படைப்புவாதிகளில் பெரும்பாலோர் அப்படிச் சொல்வதில்லை. நோவாவின் பேழையிலிருந்து ‘புறா வகை’ ஒரு சில சோடிகளாக இறங்கியது, பிறகு பரவி, சில பறக்கும் திறனை இழந்தன என்கிறார்கள். மிதக்கும் மரங்களில் தொற்றி விலங்குகள் தீவுகளை அடைந்தன என்பதையும் ஏற்கிறார்கள். அந்தக் கொள்கையும் தவளை இல்லாததை விளக்கிவிடும். வகுப்பில் தவளையைக் காட்டிவிட்டு வென்றுவிட்டோம் என்று நினைக்கும் ஆசிரியர், விவரம் தெரிந்த ஒரு மாணவன் எழுந்தால் திணறுவார். இரண்டு கொள்கைகளையும் பிரித்துக் காட்டுவது காலம். அதற்கு எலும்புகளிடம்தான் போக வேண்டும்.

சேம்புக் குளத்து எலும்புகள்

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மார் ஓ சோஞ் என்ற சதுப்பு இருக்கிறது. ‘சோஞ்’ என்றால் இந்த ஊர்ப் பேச்சில் சேம்பு. 1865இல் ரயில் பாதை போடும்போது அங்கே சேற்றை வெட்டி அள்ளிய கூலிகள், உள்ளே கிடைத்த எலும்புகளைத் தனியே பிரித்துக் குவித்து வைத்தார்கள். மயேபூர் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் கிளார்க் பிறகு ஆட்களை மூன்றடி ஆழத் தண்ணீரில் இறக்கினார். வெறுங்காலால் சேற்றைத் துழாவித் தேடச் சொன்னார். அப்படிக் காலில் தட்டுப்பட்டுத்தான் டோடோவின் முழுக் கால் எலும்பு வெளியே வந்தது. டோடோவைப் பற்றி உலகம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அந்தச் சேற்றிலிருந்து வந்தது. அறிக்கைகளில் அந்த ஆட்கள் ‘கூலிகள்’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துபோனார்கள். ஒப்பந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் இந்தப் பாடத்தைப் படிக்கும்போது, அந்தக் கால்களை நினைக்காமல் எலும்பை மட்டும் படிப்பது நியாயமாகாது.

டோடோ ஒரு புறா என்பதைப் பரிணாமக் கொள்கை கண்டுபிடிக்கவில்லை. டார்வினின் நூல் 1859இல்தான் வந்தது. அதற்கு முன்பே, 1840களில், டென்மார்க்கின் ரைன்ஹார்ட் ஒரு மண்டையோட்டைப் பார்த்து இதைச் சொன்னார். 1848இல் ஸ்டிரிக்லண்டும் மெல்வில்லும் விரிவாக நிறுவினார்கள். ஸ்டிரிக்லண்ட் படைப்பை நம்பியவர். 1866இல் சேம்புக் குளத்து எலும்புகளை விவரித்த ரிச்சர்ட் ஓவன் டார்வினோடு கடுமையாக மோதியவர். அவரும் புறா என்றே முடித்தார். எலும்பைக் கையில் எடுத்தவர்கள் எந்த நம்பிக்கையில் இருந்தாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

போர்ட் லூயி இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் எலும்புக்கூடு தனி மதிப்புடையது. ஏறத்தாழ 1904இல் தீரியூ என்ற முடிதிருத்துநர் கண்டெடுத்தது அது. மற்ற இடங்களில் நிற்பவை பல பறவைகளின் எலும்புகளைக் கோத்தவை. இது ஒரே பறவையின் எலும்புக்கூடு. அதன் சிறகைக் கவனித்துப் பாருங்கள். பறக்கும் புறாவுக்கு உள்ள தோள் எலும்பு, முன்கையின் இரண்டு எலும்புகள், இணைந்துபோன கை எலும்பு எல்லாம் வரிசை மாறாமல் இருக்கின்றன. உடலோடு பார்த்தால் மிகச் சிறியவை. மார்பெலும்பின் நடுவில் பறக்கும் தசை ஒட்டும் முகடும் இருக்கிறது, ஆனால் தாழ்ந்துபோயிருக்கிறது. ‘இந்தச் சிறகுக்குப் பயனே இல்லை’ என்று சொல்வது தவறு. சமநிலைக்கோ சண்டைக்கோ உதவியிருக்கலாம். எச்ச உறுப்பு என்றால் பயனற்ற உறுப்பு என்று பொருளில்லை, பழைய வேலையின் அமைப்போடு எஞ்சி நிற்கும் உறுப்பு என்றுதான் பொருள். படைப்புவாதிகள் இந்தச் சொல்லைப் பிடித்து மடக்குவது வழக்கம். மடங்கக் காரணம் நம் பக்கத்துச் சொல்லாட்சிதான்.

இனி காலக் கணக்கு. சேம்புக் குளத்து எலும்புப் படுகையின் கரிமக் காலம் ஏறத்தாழ 4,200 ஆண்டுகள். கடும் வறட்சியில் தண்ணீர் தேடி வந்த ஆமைகளும் பறவைகளும் அங்கே கூட்டமாக மடிந்தன. 17ஆம் நூற்றாண்டில் ஆயர் அஷர் போட்ட கணக்குப்படி படைப்பு கி.மு. 4004, வெள்ளம் கி.மு. 2348. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வெள்ளம் வடிந்து சுமார் நூறாண்டுக்குள் பேழைப் புறா அரராத் மலையிலிருந்து இந்தியப் பெருங்கடலைக் கடந்து, பறப்பதை மறந்து, பத்துக் கிலோ டோடோவாகி, பெருங்கூட்டமாக மொரீசியஸில் இருந்திருக்க வேண்டும். அதே நூறாண்டில் இந்தத் தீவுக்கே உரிய இரண்டு இராட்சத ஆமை இனங்களும் உருவாகியிருக்க வேண்டும். பரிணாமத்தை மறுப்பதற்காக எந்தப் பரிணாமவாதியும் கனவிலும் நினைக்காத வேகத்தில் பரிணாமம் நடந்ததாகச் சொல்ல வேண்டியதாகிறது.

கரிமக் கணக்கையே நம்ப மாட்டோம் என்பார்கள். நம்பிக்கையை விட்டுவிட்டு முறையைப் பார்க்கலாம். கரிமம்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டு ஆகும். வளிமண்டலத்தில் அதன் அளவு காலத்துக்குக் காலம் ஏறி இறங்கியது உண்மைதான். அதனால்தான் மர வளையங்களை ஒவ்வோர் ஆண்டாக எண்ணிக் கணக்கைத் திருத்துகிறார்கள். அந்த வளைய வரிசை 12,000 ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிப் போகிறது. 4,200 அந்த வரிசைக்குள் பத்திரமாக அடங்கும் எண்.

தீவைவிட மூத்த வம்சம்

இப்போது எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி. 2002இல் ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள டோடோ மாதிரியிலிருந்து மைட்டோகாண்ட்ரிய மரபணுவைப் பிரித்துப் படித்தார்கள். மிக நெருங்கிய உறவு ரோட்ரிக்ஸ் தீவில் வாழ்ந்து அழிந்த சாலிட்டேர் பறவை. உயிரோடு இருப்பவற்றில் நெருங்கியது நிக்கோபார் புறா, நம் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இன்றும் பறப்பது. டோடோ-சாலிட்டேர் கிளை நிக்கோபார் புறாவின் முன்னோரிடமிருந்து பிரிந்தது சுமார் 4.3 கோடி ஆண்டுக்கு முன், டோடோவும் சாலிட்டேரும் தமக்குள் பிரிந்தது சுமார் 2.6 கோடி ஆண்டுக்கு முன் என்று அந்தக் கணக்கு சொன்னது. ஆனால் மொரீசியஸ் எரிமலைத் தீவின் வயது 80 முதல் 90 லட்சம் ஆண்டுகள்தான். ரோட்ரிக்ஸ் அதைவிட இளையது. தீவு பிறக்குமுன் தீவுப் பறவை பிரிந்ததா?

பிரிவது ஓரிடத்திலும் வாழ்வது வேறிடத்திலும் நடக்கலாம் என்பது விடையின் ஒரு பாதி. பூமிக்கடியில் ஓரிடத்தில் நின்று எரியும் வெப்ப ஊற்றின் மேல் கடற்தளம் நகர்கிறது. 6.6 கோடி ஆண்டுக்கு முன் தக்காணப் பீடபூமியின் கரும்பாறையைக் கொட்டியது அதே ஊற்றுதான். பிறகு லட்சத்தீவு, சாகோஸ் முகடு, சாயா த மல்யா திட்டு, அதன்பின் மொரீசியஸ், கடைசியாக ரீயூனியன். ரீயூனியனில் அது இன்றும் எரிகிறது. இன்று கடலுக்குள் கிடக்கும் திட்டுகள் ஒருகாலத்தில் நீர்மட்டத்துக்கு மேல் நின்ற தீவுகள். பழைய தீவு மூழ்க மூழ்க, பறக்க முடிந்த முன்னோர்கள் அடுத்த தீவுக்குத் தாவியிருக்கலாம். மறுபாதி, மரபணுவில் சேர்ந்த மாற்றங்களை எண்ணிக் காலத்தைக் கணிக்கும் மரபணுக் கடிகாரமே துல்லியமானதல்ல என்பது. சிறு துண்டுகளை வைத்துப் போட்ட பழைய கணக்குகளைவிட, முழு மரபணுத் தொகுதியை வைத்துப் பின்னால் வந்தவை இளைய காலங்களைத் தருகின்றன. உறவு வரிசை உறுதியாக நிற்கிறது, ஆண்டுகள் அசைகின்றன. பிள்ளைகளிடம் 2.6 கோடி என்ற எண்ணைக் கல்வெட்டுப் போலச் சொல்லிக் கொடுக்கக் கூடாது.

தீவின் 90 லட்சத்தை மட்டும் எப்படி நம்புவது? பொட்டாசியம்-40 சிதைந்து ஆர்கான் வளியாகும், பாதியாகக் குறைய 125 கோடி ஆண்டு. எரிமலைக் குழம்பு உருகிய நிலையில் ஆர்கான் பறந்துவிடும், உறைந்த நாள் முதல் புதிதாகச் சேரும். தவறு இரண்டு வழியில் வரும். ஆழத்திலிருந்து உருகாமல் வந்த பழைய படிகம் கலந்திருந்தால் வயது கூடுதலாகக் காட்டும். மழையில் இற்றுப்போன பாறையிலிருந்து ஆர்கான் கசிந்திருந்தால் குறைவாகக் காட்டும். ஆகவே புத்தம் புதிதாக உடைத்த பாறையை எடுத்து, நொறுக்கி, பெரிய படிகங்களைப் பொறுக்கி நீக்கி, நுண்ணிய அடிப்பொருளை மட்டும் படிப்படியாகச் சூடேற்றி அளக்கிறார்கள். அடுத்தடுத்த படிகள் ஒரே வயதைத் தந்தால்தான் ஏற்பார்கள்.

பழைய படிகம் என்பது வெறும் பேச்சல்ல, மொரீசியஸிலேயே கிடைத்தது. 2013இல் கடற்கரை மணலில் மிகத் தொன்மையான சிர்க்கான் படிகங்கள் கிடைத்தன. காற்றிலோ கப்பலிலோ வந்திருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். 2017இல் 57 லட்சம் ஆண்டுப் பாறைக்கு உள்ளேயே 300 கோடி ஆண்டுச் சிர்க்கானைக் காட்டினார்கள். ‘ஒரே கல்லுக்கு இரண்டு வயதா, பார்த்தீர்களா உங்கள் அளவையை’ என்று இதைத் திருப்பிவிடுவது எளிது. ஆனால் கொழுக்கட்டைக்குள் அகப்பட்ட உமிக்கும் கொழுக்கட்டைக்கும் ஒரே நாள் கணக்கு எப்படி வரும்? தீவுக்கு அடியில் பழைய கண்டத் துண்டு ஒன்று கிடக்கிறது, அதைத் துளைத்து வந்த குழம்பு சில மணிகளை அள்ளி வந்தது. இந்தச் செய்தியைக் குமரிக்கண்டத்தோடு முடிச்சுப் போடுவதையும் விட்டுவிட வேண்டும். லெமூரியா என்ற பெயர் 1864இல் விலங்கியலாளர் ஸ்க்ளேட்டர் லெமூர் விலங்குகளின் பரவலை விளக்க வைத்தது. கண்டங்கள் நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அதற்குத் தேவையே இல்லாமல் போயிற்று. அந்தத் துண்டு பிரிந்த காலத்தில் மனிதன் என்ற பேச்சே இல்லை.

அறிவியல் சறுக்கிய இடம்

தம்பலக்கோக் மரக் கதையைப் பலரும் கேட்டிருப்பார்கள். 1977இல் ஸ்டான்லி டெம்பிள் அதை எழுதினார்: 13 மரங்களே மிச்சம், எல்லாம் 300 வயது கடந்தவை, டோடோவின் இரைப்பையில் அரைபட்டால்தான் அதன் கொட்டை முளைக்கும், டோடோ போனதால் மரமும் போகிறது. அவர் வான்கோழிகளுக்கு 17 கொட்டைகளைத் திணித்தார். 7 நொறுங்கின, மீந்த 10இல் 3 முளைத்தன. கேட்க அழகான கதை. ஆனால் வான்கோழிக்குத் தராத கொட்டைகளை அருகிலேயே நட்டு ஒப்பிடவில்லை. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, தேய்க்காத கொட்டையும் முளைப்பது பதிவாகியிருந்தது. அந்த மரத்தில் ஆண்டு வளையம் இல்லாததால் 300 வயது என்பதற்கும் ஆதாரமில்லை. இளைய மரங்களும் இருந்தன. 1991இல் விட்மரும் சீக்கும் இதையெல்லாம் எடுத்துக் காட்டினார்கள். இன்றும் சுற்றுலா வழிகாட்டிகள் பழைய கதையைத்தான் சொல்கிறார்கள்.

ரீயூனியனின் ‘வெள்ளை டோடோ’வும் அப்படித்தான். ஓவியங்களையும் பயணக் குறிப்புகளையும் நம்பி அதை டோடோவின் உடன்பிறப்பாக எழுதி வைத்தார்கள். அங்கே டோடோ எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கிடைத்தவை அரிவாள்மூக்கனின் எலும்புகள், 1987இல் பெயரிடப்பட்டன. அந்தத் தீவில் டோடோவே இருந்ததில்லை. இரண்டு பிழைகளையும் திருத்தியவர்கள் அதே துறையினர். திருத்தியது கொட்டையும் எலும்பும்.

புல்லாகிப் பூடாய்

மூன்றாவது பதிலுக்கு வருவோம். சிவபுராணத்தின் ‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி’ என்ற அடியைக் காட்டி, பரிணாமத்தை நாங்கள் முன்பே சொன்னோம் என்பது நம்மவரிடையே பரவலாக இருக்கிறது. அடிகளை முழுதும் ஓதிப் பாருங்கள். பறவைக்குப் பின் பாம்பு வருகிறது, பாம்புக்குப் பின் கல், மனிதருக்குப் பின் பேயும் கணங்களும். இது இனங்கள் தோன்றிய வரிசையல்ல, ஓர் உயிர் பிறவிதோறும் பட்ட களைப்பு. ‘எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்’ என்ற அழுகைதான் அதன் உயிர். அதை உயிரியல் பாடமாக்கினால் பாட்டின் பொருளும் கெடுகிறது, பாடத்தின் பொருளும் கெடுகிறது. தொல்காப்பிய மரபியலின் ஓரறிவு முதல் ஆறறிவு வரையான பகுப்பு வியக்கத்தக்க வகைப்பாடுதான். ஆனால் ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று அது சொல்லவில்லை. ஒரு கற்பம் 432 கோடி ஆண்டு என்பதும் பூமியின் 454 கோடியும் அருகருகே இருப்பதால் ஒன்று மற்றொன்றுக்குச் சான்றாகிவிடாது.

சைவருக்குக் கோடி ஆண்டுகள் அச்சம் தருவதில்லை, ஆறாயிரம் ஆண்டுக்குள் உலகை அடக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கத்தோலிக்கருக்கும் 1950இல் போப் பன்னிரண்டாம் பயஸ் கதவைத் திறந்து வைத்தார். 1996இல் இரண்டாம் ஜான் பால் பரிணாமம் வெறும் கருதுகோளுக்கு மேற்பட்டது என்றார். ஆக இந்தத் தீவின் தமிழரில் பெரும்பாலோருக்கு இந்த மோதல் வெளியிலிருந்து இறக்குமதியானது. அதனால் அது சிறியது என்றாகாது. மகனின் பாடப்புத்தகம் ஒன்றும் சபைப் போதகர் ஒன்றும் சொல்லும்போது ஒரு தாய் படும் தவிப்பு உண்மையானது. அவளிடம் ஆண்டவரை விட்டுவிடு என்று சொல்ல உயிரியல் ஆசிரியருக்கு வேலையில்லை. எலும்பைப் பொய் என்று சொல்லப் போதகருக்கும் வேலையில்லை.

கொல்லைப்புறத் தேரை

‘கண்ணெதிரே மாறுவதைக் காட்டு’ என்ற கேள்விக்கு மொரீசியஸிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1922இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்திலிருந்து வந்த அந்தத் தேரையை 2020இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்தது. நூறு ஆண்டுக்குள் மொரீசியஸ்ப் பெண் தேரைகள் டர்பன் உறவினரைவிட மூன்றில் ஒரு பங்கு சிறுத்துவிட்டிருந்தன. ரீயூனியனிலும் சிறுத்திருந்தன.

வகுப்பில் இதை அளக்க விரும்பினால் மூக்கு நுனியிலிருந்து பின்துளை வரை கவராயத்தால் அளக்க வேண்டும். காலை நீட்டி அளந்தால் எண் கெடும். ஆணையும் பெண்ணையும் கலக்கக் கூடாது, பெண் இயல்பாகவே பெரியது. கையுறை வேண்டும், தோலில் நஞ்சு உண்டு. ஆனால் அளவு குறைந்ததை வைத்தே இயற்கைத் தேர்வு என்று எழுதிவிட முடியாது. இரை குறைந்தாலும் உடல் சிறுக்கும், அது பிள்ளைக்குப் போகாது. பிரித்தறிய இரு இடத்து முட்டைகளையும் ஒரே தொட்டி நீரில், ஒரே வெப்பத்தில், ஒரே இரை தந்து முழு வளர்ச்சி வரை வளர்க்க வேண்டும். அப்போதும் மொரீசியஸ் முட்டையிலிருந்து வந்தவை சிறியவையாகவே நின்றால் மாற்றம் மரபணுவில் ஏறியிருக்கிறது. டர்பன் அளவுக்கு வளர்ந்துவிட்டால் அது தீவின் தீனி செய்த வேலை.